தண்ணீர் எட்டிய தூரம்

நெடுங்கரைப்பட்டியில் நாய் கடித்தவர்களைப் பார்த்துத் தண்ணீர் விலகிப் போக ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்தில். அது ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று அந்த ஊரில் யாரும் ரொம்பக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. கண்மாய் வற்றியபோதும் கேட்கவில்லை, வற்றிய கண்மாய்க்குள் டவுனிலிருந்து டிராக்டர் டிராக்டராகக் கோழிக்கழிவையும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையையும் கொண்டுவந்து கொட்டியபோதும் கேட்கவில்லை, செத்த மாட்டைத் தின்ன வானத்திலிருந்து இறங்கும் கழுகுகள் ஒரு வருடம் வராமலே போய், அந்த மாட்டையும் நாய்களே தின்று, எட்டு நாய் எண்பது நாயாகப் பெருகியபோதும் கேட்கவில்லை. அதனால் தண்ணீர் விலகியபோது, சரி, இனிமேல் இதுவும் இருக்கும் போல என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதை முதலில் பார்த்தவள் பஞ்சவர்ணம். ஊர் மேல்தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிற வேலை பதினாறு வருடமாக அவளுக்கு. காலையில் எழுந்து விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, இடுப்பு உயரச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். மேலத்தெருவுக்கு ஆறு மணி, நடுத்தெருவுக்கு ஏழு, கீழத்தெருவுக்கு ஏழரை. பிள்ளைகள் இரண்டும் படித்து வேலை பார்த்து வெளியூரில் இருந்தார்கள். முழங்கால் வலித்தது. இருந்தாலும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

தண்ணீர் முதலில் விலகியது லூர்தம்மாளிடம். லூர்தம்மாள் கண்மாய்க் குப்பையில் பாட்டில் பொறுக்குகிறவள், வெளியூர்க்காரி, கரையோரம் தார்ப்பாய் கட்டி ஒண்டியாக இருந்தாள். அவள் காலில் நாய் கடித்த மறுநாள், கீழத்தெருக் குழாயில் குடத்தை வைத்தபோது, குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் பாதியில் வளைந்து, பக்கத்தில் மொக்கத்தாயி வைத்திருந்த குடத்துக்குள் போய் விழுந்தது.

மொக்கத்தாயி எட்டிப் பார்த்தாள். “என் குடம் நிறைஞ்சுபோச்சு. அப்படியே நில்லு லூர்து, இன்னொரு குடம் எடுத்துட்டு வந்துர்றேன்” என்றாள்.

மூன்று நாள் அதைச் சிரிப்பாகப் பேசினார்கள். நாலாம் நாள், தண்ணிகூட ஒட்டாத அளவுக்கு என்ன பாவம் பண்ணினாளோ என்று பேசினார்கள். ஐந்தாம் நாள், அவள் நின்றால் எல்லோர் குடத்துக்கும் தண்ணீர் கோணலாக விழுகிறது, குழாய்ப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சவர்ணம்தான் அவளை ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். போனாள். ஒரு ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் கொஞ்சம் கிட்ட வந்தது. குனிந்து நாக்கை நீட்டினால் நனைகிற தூரத்துக்கு வந்தது. “ஒட்டிருச்சுக்கா!” என்று லூர்தம்மாள் சிரித்தாள். அடுத்த ஊசிக்கு வரச்சொன்ன நாளில் அவள் போகவில்லை, ஒருநாள் போனால் அன்றைய பாட்டிலை வேறு யாராவது பொறுக்கிவிடுவார்கள், அதுதான் ஒட்டிவிட்டதே என்று இருந்துவிட்டாள். தண்ணீர் மறுபடியும் போய்விட்டது. வெள்ளரிக்காயையும் குழைந்த சோற்றையும் தின்று, தண்ணீர் என்று பெயர் இல்லாத ஈரத்தில் உயிரை வைத்திருந்தாள். கடைசி மூன்று நாள் தண்ணீர் அவளைப் பார்த்துப் பயந்ததுபோல அவளும் தண்ணீரைப் பார்த்துப் பயந்தாள். பிறகு அவள் இல்லை.

இரண்டாவது ஊசிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாமே என்பது பஞ்சவர்ணத்தின் நெஞ்சில் ஒரு கல்லாகக் கிடந்தது. தினமும் சாமி முன்னால் நிற்கும்போது அந்தக் கல்லையும் சேர்த்துத்தான் வைத்தாள், சாமி எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனியில் மந்தையம்மன் திருவிழா வந்தது. பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் சோணைமுத்துதான் மந்தையம்மனுக்குச் சாமியாடி. அவர்மேல்தான் அம்மன் இறங்கி ஊருக்கு வாக்குச் சொல்லும். காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சாமியாடி கண்மாய்க்குள் இறங்கி ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து குயவரிடம் கொடுக்க வேண்டும், அந்த மண்ணைச் சேர்த்துத்தான் அம்மன் சிலை செய்வார்கள். கண்மாய் குப்பைமேடாகிவிட்டதே என்று வழக்கத்தை மாற்ற முடியுமா? சோணைமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, கோழி இறகுக்கும் குடலுக்கும் நடுவில் தள்ளித் தள்ளித் தேடி மண் எடுத்துக்கொண்டு வந்தார். எட்டு மணிக்கு அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் காப்பு ஏறியது. இனி பதினைந்து நாளைக்கு அவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, அவர் உடம்பில் இரும்பு படக்கூடாது. சவரம் கிடையாது, நகம் வெட்டுவது கிடையாது.

கால் ஏன் தாங்கித் தாங்கி நடக்கிறீங்க என்று பஞ்சவர்ணம் கேட்டதற்கு, “கருவேல முள்ளு” என்றார்.

புதன்கிழமை காலை ஊர்ப் பொது இடமான மந்தையில் அவருக்குத் தீர்த்தம் ஊற்றினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலைக்குமேலே இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் விழுந்தது. அவர் உடம்பில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த குடம் ஊற்றினார்கள். அதுவும் பிரிந்தது. ஒரு பெண் குலவையிட்டாள், அப்புறம் எல்லாப் பெண்களும்.

“அம்மன் முழுசா எறங்கிட்டா! தண்ணியே ஒதுங்கி வழிவிடுது பாருங்கடி!” என்று முதலில் கத்தியவள் மொக்கத்தாயிதான்.

அன்று பூராவும் ஜனம் வந்தது. ஒருத்தர் சொம்போடு, ஒருத்தர் குடத்தோடு, பக்கத்து ஊர்க்காரர்கள் வாட்டர் பாட்டிலோடு. சோணைமுத்து முன்னால் வைத்தால் பாட்டிலுக்குள் தண்ணீர் மறுபக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தண்ணீர் லூர்தம்மாளிடமிருந்து விலகியபோது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் வந்தது.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்தினாள். “வேட்டியத் தூக்குங்க.”

“என்னடி பேச்சு இது, காப்புக் கட்டுன ஆளுகிட்ட!”

“காலைக் காட்டச் சொன்னேன்.”

கெண்டைக்காலில் நாலு பல் பதிந்திருந்தது. அதன்மேல் சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் குழைத்து அப்பியிருந்தார். ஓரமெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

“கடிச்ச உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாமே! அன்னிக்குத் தண்ணி ஒட்டியிருக்குமே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “எட்டு மணிக்குத்தான காப்பு. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம்ல.”

“ரத்தம் வந்துச்சுன்னு தெரிஞ்சா தீட்டுன்னு வேற ஆளுக்குக் காப்பைக் கட்டிருவாங்க” என்றார். அவருக்கு நாக்கு வறண்டு வார்த்தை ஒட்டி ஒட்டி வந்தது. “இருபத்திரண்டு வருசம்டி. என் உடம்புல அவ எறங்கலைன்னா நான் யாரு? சுமை தூக்குறவன். அவ்வளவுதான்.” மணிக்கட்டுக் காப்பைத் தடவினார். “ஊரே கையெடுத்துக் கும்பிடுது. ஒருவேளை நெசமாவே அருளா இருந்தா?”

“லூர்துக்கும் அருள்தானா?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவள் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி அவர் பக்கத்தில் வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும்.

விடிந்ததும் அம்பலத்தின் வீட்டுக்குப் போனாள். ஊரில் நல்லது கெட்டதுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் வெள்ளையம்பலம், அவளுக்கு மாமா முறை. வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குச்சியைத் துப்பினார்.

“நாய் கடிச்சதுன்னு வெளிய சொல்லாத தாயி. பக்கத்து ஊர்க்காரன்லாம் வந்து கும்பிட்டுப் போயிட்டான். நம்ம அம்மன் பேரு கெட்டுப்போகும்.”

“அம்மன் பேரு எப்படியும் நிக்கும் மாமா. என் புருசன் நிப்பாரா?”

“காப்புக் கட்டுன உடம்புல இரும்பு படக்கூடாதேத்தா. ஊசி இரும்புல்ல?”

“ஊசி எவர்சில்வரு மாமா. எவர்சில்வர் பானையிலதான அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம்.”

அம்பலத்தின் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, “அது சரிதானே” என்றாள்.

“சரி, ஊசியை விடு. எல்லை? ஆஸ்பத்திரி விலக்கு ரோட்டுல கெடக்கு, மூணு கிலோமீட்டர். காப்போட எல்லையத் தாண்டுனா ஊருக்கு ஆகாது. நான் வச்ச சட்டமா அது?”

“எல்லைன்னா எதுங்க, கல்லா? நம்ம ஊர்ல எல்லைக்கல்லே இல்லையே மாமா.”

“கல்லு எதுக்கு? நம்ம ஊர்த் தண்ணி எதுவரைக்கும் எட்டுதோ அதுதான் எல்லை. கண்மாய் நெறைஞ்ச காலத்துல மடைத்தண்ணி ஓடை வரைக்கும் பாஞ்சுச்சு, ஓடை வரைக்கும் எல்லை. கண்மாய் வத்துச்சு, கண்மாயே எல்லைக்கு வெளிய போயிருச்சு. அதனாலதான அங்க எவன் எதைக் கொட்டுனாலும் நாம கேக்க முடியலை. இப்ப உன் குழாய்த்தண்ணி கீழத்தெருவோட நிக்குது. எல்லையும் அங்கயே நிக்குது.”

“தண்ணி எட்டுனா எல்லைதான?”

“எட்டுனா எல்லைதான். நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

பஞ்சவர்ணம் நேராக மேல்தொட்டிக்குப் போனாள். அடியில் தொட்டி கழுவுவதற்கென்று இருக்கும் பெரிய வால்வில் சாவியை மாட்டி, மந்தையம்மனே, உன் தண்ணிதான் இது, எனக்குப் பேசத் தெரியாது, நீயே பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லித் திருகினாள். முப்பதாயிரம் லிட்டர் மந்தையில் இரைந்து கொட்டியது. திருவிழாத் தண்ணீர், மூன்று தெருவுக்கும் இரண்டு நாளைக்குச் சமைக்க, குளிக்க, கோலம் போட வேண்டிய தண்ணீர்.

“அடி பாவி, பைத்தியம் புடிச்சிருச்சா இவளுக்கு! நாளைக்கு உன் மூஞ்சியிலயா சோறு வடிக்கிறது!” என்று மொக்கத்தாயி குடத்தோடு ஓடிவந்தாள். அவள் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

பஞ்சவர்ணம் வீட்டுக்குள் போய்ச் சோணைமுத்துவின் கையைப் பிடித்தாள். இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் ஊர் பார்க்க அவர் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை. “வாங்க. நீங்க எல்லையத் தாண்ட வேண்டாம். நடங்க, போதும்.”

அவர் மந்தைக்கு வந்து தண்ணீரின் விளிம்பில் நின்றார். தண்ணீர் பின்வாங்கியது. ஒரு எட்டு வைத்தார். அது மறுபடி பின்வாங்கி, மந்தையைவிட்டு ரோட்டில் ஏறி, அவருக்குப் பத்தடி முன்னால் நின்று, மாடு திரும்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவர் நடந்தார். தண்ணீர் அவரைப் பார்த்துப் பயந்து முன்னால் ஓடியது, அவர் அதன் பின்னால் போனார். கீழத்தெருவைத் தாண்டி ஓடியது, சுடுகாட்டுத் திருப்பத்தைத் தாண்டி ஓடியது, மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. எங்கெல்லாம் ஓடியதோ அங்கெல்லாம் ஊர் ஆனது. அம்பலம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார், அவர் வந்ததால் தப்பு மேளம் அடிப்பவர்கள் வந்தார்கள், தப்புச் சத்தம் கேட்டதால் மற்றவர்கள் வந்தார்கள், திட்டிக்கொண்டே மொக்கத்தாயியும் வந்தாள். கண்மாய் ஓரம் போகும்போது தண்ணீர் ரோட்டைவிட்டு ஒரு சுற்று உள்ளே இறங்கி, குப்பைமேட்டின் காலை நனைத்துவிட்டு மறுபடி ஏறியது. நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன.

ஆஸ்பத்திரி வாசற்படியில் தண்ணீர் போக இடமில்லாமல் சுவரோரம் ஒடுங்கி நின்றது.

“யாருப்பா வாசல்ல தண்ணியக் கொட்டுனது? இப்பதான் கூட்டுனேன்” என்று நர்சம்மா வெளியே வந்தார். தப்பையும் கூட்டத்தையும் ஒருமுறை பார்த்தார். “கடிபட்டவரு மட்டும் உள்ள வாங்க. மேளத்தை நிறுத்துங்க, உள்ள பிள்ளை பெத்தவ தூங்குறா.”

சோணைமுத்து சட்டையைக் கழற்றும்போது, “எவர்சில்வர்தானம்மா?” என்று கேட்டார்.

“எவர்சில்வரேதான். அசையாதீங்க.” புண்ணைச் சுற்றி ஒன்று, தோளில் ஒன்று போட்டார். சுண்ணாம்பைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு ஒரு சீட்டில் தேதி எழுதி, சோணைமுத்துவிடம் கொடுக்காமல் பஞ்சவர்ணத்திடம் கொடுத்தார். “இன்னிக்கு, மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருபத்தெட்டாம் நாளு. நாலு. தண்ணி ஒட்டிருச்சுன்னு மூணோட நிறுத்துனா நான் பொறுப்பில்லக்கா. போன மாசம் ஒரு பொம்பளை அப்படித்தான் வரவே இல்ல.”

“தெரியும்மா” என்றாள் பஞ்சவர்ணம்.

மூன்றாம் நாளும் தொட்டியைத் திறந்தாள். ஊர் முணுமுணுத்தது, சமைக்கத் தண்ணீரில்லாமல் அவல் நனைத்துத் தின்றது, இருந்தாலும் பின்னால் நடந்தது. அன்றைக்குத்தான் மேட்டில் ஏறும்போது அம்பலம் ஒன்றைக் கவனித்தார். ரோட்டில் தேங்கியிருந்த ஈரம் சோணைமுத்து போன பிறகும் சிலர் காலடியில் விலகிக்கொண்டிருந்தது. மேலத்தெரு கறவைக்காரர் காலடியில். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண்ணின் காலடியில். மொக்கத்தாயியின் காலடியில்.

“ஏத்தா மொக்கத்தாயி, நீயுமா?”

“குட்டி நாய் மாமா. லேசாப் பல்லு பட்டுச்சு, அதுக்குப் போயி...” என்று இழுத்தாள். அவள் குரல் சட்டென்று சின்னதாகிப் போயிருந்தது. “லூர்தைப் பேசுன மாதிரி என்னையும் பேசுவீகளேன்னுதான்.”

பஞ்சவர்ணம் அவள் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு பேர் அன்று உள்ளே போனார்கள். ஏழாம் நாள் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் பயந்து ஓடிய தண்ணீர் அன்று ஆஸ்பத்திரியையும் தாண்டி, பஸ் நிற்கும் இடம்வரை போய் நின்றது.

திருவிழா முடிந்தது. காப்பு அவிழ்த்தார்கள். சோணைமுத்துவிடம் தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் கை கழுவ, பிறகு வாய் கொப்பளிக்க, பிறகு அரை டம்ளர் குடிக்க. இருபத்தெட்டாம் நாள் காலையில் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுமை தூக்கக் கிளம்பிவிட்டார். இப்போது தப்பும் இல்லை, கூட்டமும் இல்லை, யாருக்கும் யார் பின்னாலும் நடக்கத் தெம்பில்லை.

“அதான் ஒட்டிருச்சேடி. இன்னும் எதுக்கு?”

பஞ்சவர்ணம் வாசலில் சாவியைக் குறுக்கே வைத்து உட்கார்ந்தாள். “என்னால இன்னொரு தடவை முடியாதுங்க” என்று மட்டும் சொன்னாள். எதை முடியாது என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், துண்டை அவிழ்த்தார், இருவரும் மொக்கத்தாயியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலாவது ஊசியும் போட்டு, வெளியே குழாயடியில் சோணைமுத்து குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். தண்ணீர் ஒரு நொடி தயங்கியது, பிறகு நேராக விழுந்தது. அவர் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார், சட்டையெல்லாம் நனைந்து தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பஞ்சவர்ணம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழ வேண்டும்போல இருந்தது. அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

அவர்கள் திரும்பி வரும்போது கண்மாய்க் கரையில் டவுன் டிராக்டர் கழிவு மூட்டைகளோடு நின்றது. அம்பலம் அதற்கு முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“இது எங்க ஊருப்பா. இங்க கொட்டக்கூடாது.”

“இது எந்த ஊருலயும் சேராத எடம்னு நீங்கதான பெரியவரே சொன்னீங்க?” என்றார் டிரைவர். “இத்தனை வருசமா இல்லாம இப்ப எப்படி உங்க ஊராச்சு?”

“தண்ணி வந்துருச்சு” என்றார் அம்பலம். “பஸ் நிக்கிற வரைக்கும் எங்க ஊருதான். வேணும்னா இந்தா வர்றா, தொறந்துவிட்டவளையே கேளு.”

டிரைவர் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார், அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை அவர். அவருக்கும் அன்றைக்குக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வண்டியைத் திருப்பினார். பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, அதற்கும் அந்தப் பக்கம், குருவிகுளத்துக்காரர்களின் வற்றிய ஊருணிப் பக்கமாக டிராக்டர் போனது. குப்பைமேட்டில் படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, அவசரமில்லாமல் அதன் பின்னால் நடந்தன.

அம்பலம் குடையை மடக்கினார். “போயிருச்சு, சனியன்” என்றார்.

பஞ்சவர்ணம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கடைசி நாயும் கண்ணிலிருந்து மறைகிறவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க” என்றாள் சோணைமுத்துவிடம், “குருவிகுளத்துல தண்ணி தொறந்துவிடுறது யாருங்க?”

“தெரியலையே. ஏன்?”

“சொல்லி வைக்கணும். குருவிகுளத்துக்கு பஸ்ஸு இருக்கும்ல இன்னும்” என்று கையை ஊன்றி எழுந்தாள்.